பச்சைக்குள் மறையும் ரயில்: அகச்சிவப்பு வண்ணப் படத்துக்கு எந்த வழி?

மலேசியாவின் பகாவ் ரயில் நிலையத்தைச் சுற்றி இத்தனை ஆண்டுகளாக நான் எடுத்த படங்களை வரிசையாகப் பரப்பினால், முதலில் கண்ணில் படுவது பச்சைதான். தண்டவாளத்தின் இரு பக்கமும் செம்பனை. செம்பனைக்குக் கீழே பெரணி, பெரணிக்குக் கீழே புல். மழை விட்ட மறுநாள் எல்லாம் சேர்ந்து ஒரே சுவராகிவிடும். அந்தச் சுவருக்கு முன்னால் ஓர் எஞ்சின் நீண்ட சரக்கு வரிசையை இழுத்துக்கொண்டு முழு முழக்கத்தோடு போனாலும், படத்தில் அது சுவரோடு ஒட்டிய ஒரு கோடாகவே விழுகிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். இலையும் துருவும் எஞ்சினின் எண்ணெய்க் கறையும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன.

அந்தச் சுவரிலிருந்து ரயிலைப் பிரித்தெடுக்கத்தான் நான் அகச்சிவப்பு வண்ணப் படத்துக்கு வந்தேன். இலை சிவக்கும், தண்டவாளம் இரும்பாகவே இருக்கும், ரயில் தனியே நிற்கும். வேறு எந்த வகைப் படமும் எனக்கு இதைத் தரவில்லை.

போன மாதம் அக்காள் மகன் வந்திருந்தான். சுவரில் மாட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, நானும் இதை எடுக்க வேண்டும். பழைய பிலிமைத் தேடி வாங்கட்டுமா, இல்லை கேமராவைப் பிரித்து மாற்றட்டுமா?" என்று கேட்டான். வேலைக்குச் சேர்ந்து சேமித்த முதல் பணம் அவன் கையில் இருக்கிறது. அதைத் தவறான இடத்தில் போடவிட எனக்கு மனமில்லை. நாலு வழிகளையும் நானே நடந்து பார்த்தவன் என்பதால், அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சூடு வேறு, இது வேறு

அகச்சிவப்பு என்றதும் வெப்பத்தைப் படம் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினின் புகைபோக்கி தகதகவென்று தெரியுமா என்று அக்காள் மகனும் கேட்டான். தெரியாது. இந்த பிலிமும் கேமரா சென்சரும் பார்ப்பது, நம் கண் பார்க்கும் சிவப்புக்கு அடுத்த வாசலில் இருக்கும் ஒளியை. ஏறக்குறைய 700 நானோமீட்டரில் தொடங்கி 900 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பொருள் தன் சூட்டாலேயே இந்த பிலிமில் பதிய வேண்டுமானால், அது 250 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் இருட்டாகவும் இருக்க வேண்டும். பட்டப்பகலில் எஞ்சினின் சூட்டுக்கு இங்கே வேலையே இல்லை. எல்லாம் சூரியன் தரும் ஒளிதான்.

வேலை செய்வது இலை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்கிறது, அகச்சிவப்பைத் தொடுவதில்லை. அந்த ஒளி இலைக்குள் புகுந்து, காற்றிடைவெளி நிறைந்த உள் உயிரணுக்களில் மோதிச் சிதறி, பாதி அளவு வெளியே திரும்பிவிடுகிறது. 1910இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இப்படி எடுத்த படங்களை வெளியிட்டார். மரங்கள் பனி மூடியதுபோல் வெளுத்து நின்றன. இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

வண்ண அகச்சிவப்பு பிலிம் இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. பச்சைச் சாயம் பூசிய வலைக்கு அடியில் மறைத்துவைத்த பீரங்கியை விமானத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குச் சாயமும் பச்சை, இலையும் பச்சை. அகச்சிவப்பில் உயிருள்ள இலை ஒளிரும், அந்தக் காலத்துச் சாயம் ஒளிராது. ஆகவே மூன்று அடுக்குகள் கொண்ட பிலிமை வேறு விதமாகக் கட்டினார்கள். பச்சை ஒளி படத்தில் நீலமாக வரும். சிவப்பு ஒளி பச்சையாக வரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு சிவப்பாக வரும். மூன்று அடுக்கும் நீல ஒளிக்கு மயங்கக்கூடியவை என்பதால், லென்ஸ் முன்னால் அடர்மஞ்சள் ஃபில்டர் கட்டாயம். பிலிமைத் தயாரித்த கோடாக் சொன்னது ராட்டன் 12 என்ற ஃபில்டர்.

இதை ரயில் நிலையத்தில் பொருத்திப் பாருங்கள். சிவப்பு எல்.ஈ.டி. விளக்கில் சிவப்பு ஒளி மட்டுமே இருக்கிறது. ஆகவே படத்தில் அது பச்சையாக எரியும். பழைய குண்டு பல்புக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்த விளக்கோ அகச்சிவப்பையும் சேர்த்து அள்ளிக் கொட்டுகிறது. அது மஞ்சளாக வரும். துணிச் சாயங்கள் பெரும்பாலும் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால், சிவப்புக் கொடி மஞ்சளாகவும் பச்சைக் கொடி கத்தரிப்பூ நிறமாகவும் மாறும். நிறுத்து என்பதற்கும் போ என்பதற்கும் உரிய நிறங்கள் மாறிவிடும். ரயிலைப் படம் எடுப்பவன் இதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பார்ப்பவருக்கு அந்த விளக்கு என்ன சொல்கிறது என்பது புரியாமல் போனால், நிலையத்தின் கதையே புரியாமல் போய்விடும்.

மிச்சமிருக்கும் சுருள்

முதல் வழி அசல் பிலிம். 35 மில்லிமீட்டரில் வந்த எக்டாக்ரோம் இன்ஃப்ராரெட் இ.ஐ.ஆர். சுருளை கோடாக் 2007இல் நிறுத்தியது. விமானக் கேமராவுக்கான ஏரோக்ரோம் அதன் பிறகு அதிக காலம் நீடிக்கவில்லை. வான்படத்துக்கென்று வந்த அகலச் சுருள்களைச் சிலர் இருட்டறையில் வெட்டி, சிறிய கேமராக்களுக்கு ஏற்பச் சுற்றி விற்றார்கள். இன்று சந்தையில் கிடைப்பது அந்த மிச்சம்தான். ஐரிஷ் படக்கலைஞர் ரிச்சர்ட் மோஸ் காங்கோவில் எடுத்த சிவந்த மலைகள் 2013 வெனிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகு, இதைத் தேடுவோர் கூடினார்கள், இருப்பு கூடவில்லை.

இதன் அழகைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. ஸ்லைடை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துக் குனிந்து பார்த்த அந்த நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது. செம்பனையின் இளங்குருத்து ரோஜா நிறத்தில், முதிர்ந்த ஓலை குங்குமத்தில், நிழலில் கிடந்தவை மாதுளைத் தோலின் நிறத்தில். ஒரே மரத்துக்குள் அத்தனை சிவப்பு. தண்டவாளத்துச் சரளையோ நீலம் கலந்த சாம்பலாக அமைதியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கூரையின் பச்சைச் சாயம் பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை, நீலமாக நின்றது. பீரங்கியை மறைத்த வலையைக் கண்டுபிடித்த கதை எங்கள் வீதியிலேயே நடந்துவிட்டது.

வேகத்திலும் இதற்குக் குறையில்லை. மஞ்சள் ஃபில்டரோடு, ஒளியை உணரும் வேகத்தை ஏறக்குறைய ஐ.எஸ்.ஓ. 200 என்று வைத்து எடுக்கலாம். நல்ல வெயிலில் எஃப் 8 அளவு லென்ஸ் துளைக்கு நொடியில் 800இல் ஒரு பங்கு. ஓடும் ரயிலை அசையாமல் நிறுத்த அது போதும். மூன்று அடுக்குகளில் இரண்டு சாதாரண ஒளியைப் பார்ப்பவை என்பதால், கறுப்பு வெள்ளை அகச்சிவப்பில் செய்வதுபோல் குவியத்தை நகர்த்த வேண்டிய தொல்லையும் கிடையாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பிலிமில் முதலில் சாவது அகச்சிவப்பு அடுக்கு. அதைக் காப்பாற்றத்தான் உறைபெட்டியில், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியிலோ அதைவிடக் குளிரிலோ வைக்கச் சொன்னார்கள். அந்த அடுக்கு நலிந்தால் சிவப்பு மங்கி, படம் முழுவதும் நீலப்பச்சை படர்கிறது. எதற்காக வாங்கினோமோ அதுவே போய்விடுகிறது. விற்பவர் உறைபெட்டியில் வைத்திருந்தேன் என்று சொல்வார். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் எங்கே இருந்தது? கப்பலில், அஞ்சல் கிடங்கில், நம் ஊர் முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் நிற்கும் வேனில் எத்தனை நாள் கிடந்தது? யாராலும் சொல்ல முடியாது.

நான் வாங்கியவை மூன்று சுருள்கள். முதலாவதைக் கழுவக் கொடுத்த இடத்தில், இயந்திரத்துக்குள் பிலிம் நகர்வதைக் கவனிக்க அகச்சிவப்பு உணர்வி இருந்தது. சாதாரண பிலிமுக்கு அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. என் சுருளுக்கு அது டார்ச் விளக்கு. விளிம்பு முழுவதும் வெந்து போய்த் திரும்பி வந்தது. கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டியது நான். இரண்டாவதை, கையால் கழுவித் தரும் ஒருவரிடம் கொடுத்தேன். முப்பத்தாறில் பதினொன்று தேறியது. மேலே சொன்ன ஸ்லைடு அதிலிருந்து வந்ததுதான். மூன்றாவது இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது.

கேமராவையும் சோதித்துக்கொள்ள வேண்டும். படங்களை எண்ணுவதற்கு உள்ளேயே அகச்சிவப்பு விளக்கு வைத்திருக்கும் தானியங்கிக் கேமராக்கள் உண்டு. அவற்றில் இந்தச் சுருளை ஏற்றினால் கேமராவே படத்தைப் பாழாக்கிவிடும். பழைய இயந்திரக் கேமராதான் சரி. ஏற்றுவதும் இறக்குவதும் முழு இருட்டில். கட்டை அலமாரிக்குள், போர்வைக்கு அடியில், எங்கே வசதியோ அங்கே.

ஒரு சுருளுக்கு நான் கொடுத்த பணத்தில், உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத பழைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கியிருக்கலாம். பின்னால் அதைத்தான் செய்தேன்.

மூன்று முறை திறக்கும் ஷட்டர்

இரண்டாவது வழிக்கு வண்ண பிலிமே வேண்டாம். கறுப்பு வெள்ளை அகச்சிவப்புச் சுருள் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. கேமராவை முக்காலியில் இறுக்கி, ஒரே காட்சியை மூன்று முறை எடுக்க வேண்டும்: 720 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபில்டரோடு ஒன்று, சிவப்பு ஃபில்டரோடு ஒன்று, பச்சை ஃபில்டரோடு ஒன்று. ஸ்கேன் செய்து, அகச்சிவப்பைச் சிவப்பின் இடத்திலும், சிவப்பைப் பச்சையின் இடத்திலும், பச்சையை நீலத்தின் இடத்திலும் அமர்த்தினால், ஏரோக்ரோம் செய்ததையே நீங்கள் கையால் செய்துவிடுகிறீர்கள். வாங்கும்போது ரோலி இன்ஃப்ராரெட் 400 எடுங்கள். அது 820 நானோமீட்டர் வரை பார்க்கும். இல்ஃபோர்டு எஸ்.எஃப்.எக்ஸ். 200 ஏறக்குறைய 740இல் நின்றுவிடுகிறது. இலை அப்போதுதான் ஒளிரத் தொடங்கும் இடம் அது.

புதிய சுருள், நம்பிக்கையான முடிவு, வீட்டிலேயே கழுவலாம். மூன்று அடுக்கும் தனித்தனியாகக் கையில் இருப்பதால் நிறத்தை நிதானமாகத் தேடிப் பிடிக்கலாம். தரத்தில் இது அசலுக்கு அருகில் நிற்கிறது. சில படங்களில் அசலைவிடச் சுத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் ரயில் ஓடுகிறது. 720 ஃபில்டரைப் போட்டதும் 400 வேகம் பன்னிரண்டுக்குச் சுருங்கிவிடும். எஃப் 8இல் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தேவைப்படும். அந்த வேகத்தில் ஓடும் ரயில் கலங்கிவிடும். கலங்காவிட்டாலும் பயனில்லை, இரண்டாவது ஃபில்டரைத் திருகுவதற்குள் அது அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். முதல் படத்தில் மட்டும் ரயில் இருந்தால், முடிவில் சிவப்பு நிறத்தில் ஓர் ஆவி ரயில் தண்டவாளத்தின் மேல் படிந்திருக்கும். காற்றில் ஆடும் ஓலைக்கும் நகரும் மேகத்துக்கும் வானவில் விளிம்பு வரும்.

இருந்தும் இந்த வழியை நான் தள்ளவில்லை. அதற்குக் காரணம் எங்கள் பாதை. கிம்மாசிலிருந்து பகாவ் வழியாகத் தும்பாட் போகும் கிழக்குக் கரைப் பாதை இன்றும் டீசல் ஓடும் பாதை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, ஒரு வண்டி நிலையத்துக் கிளைத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும். அந்த நிற்கும் நேரம்தான் மூன்று படத்துக்கான நேரம். சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை போடப்பட்ட இரட்டைப் பாதையில், மின்கம்பிக்குக் கீழே விரையும் ரயிலிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. காற்று விழுந்த காலை, நிற்கும் சரக்கு வண்டி, அசையாத முக்காலி. இந்த மூன்றும் கூடிய நாளில் எனக்குக் கிடைத்த படத்தை வேறு எந்த வழியிலும் எடுத்திருக்க முடியாது.

கழற்றிய கேமரா

மூன்றாவது வழியைத்தான் அக்காள் மகனுக்குச் சொன்னேன். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சர் இயல்பிலேயே 1,100 நானோமீட்டர் வரை பார்க்கக்கூடியது. சாதாரணப் படம் கெடக்கூடாது என்பதற்காக அதன் முன்னால் அகச்சிவப்பை மறிக்கும் கண்ணாடி ஒன்றை வைத்து விற்கிறார்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தெளிந்த கண்ணாடியைப் பொருத்தினால் கேமராவின் கண் முழுவதும் திறந்துவிடும். இதை முழு நிறமாலை மாற்றம் என்கிறார்கள்.

இங்கே ஒரு கிளை பிரிகிறது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். மாற்றித் தருபவர், "சென்சர் மேலேயே 720 ஃபில்டரை நிரந்தரமாக வைத்துத் தருகிறேன்" என்பார். வேண்டாம். 720 ஃபில்டர் பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய முழுவதும் மறித்துவிடும். பிறகு நிறம் என்று மிஞ்சுவது சென்சர் சாயங்களுக்கு இடையிலான சிறு வித்தியாசம் மட்டும்தான். வெள்ளை இலையும் நீல வானமும் வரும், கறுப்பு வெள்ளைக்கு அது மிக நன்று. ஏரோக்ரோமின் சிவப்பு அதிலிருந்து வராது. எவ்வளவு கணினி வேலை செய்தாலும் வராது, ஏனென்றால் பச்சைக்கும் சிவப்புக்கும் உரிய செய்தி படத்துக்குள் நுழையவே இல்லை.

வேண்டியது தெளிந்த கண்ணாடி, வெளியே அடர்மஞ்சள் ஃபில்டர். சென்சரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு சாயம் இருக்கிறது. மூன்று சாயங்களும் அகச்சிவப்பை உள்ளே விடுகின்றன. மஞ்சள் ஃபில்டர் நீல ஒளியை வாசலிலேயே நிறுத்திவிடுவதால், நீலப் புள்ளிகளில் விழுவது அகச்சிவப்பு மட்டும். பச்சைப் புள்ளிகளில் பச்சையும் அகச்சிவப்பும். சிவப்புப் புள்ளிகளில் சிவப்பும் அகச்சிவப்பும். கணினியில் நீல அடுக்கை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிட்டால், அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை மூன்றும் பிரிந்து வந்துவிடும். பிறகு மேலே சொன்ன அதே இடமாற்றம். முக்காலியில் மூன்று முறை எடுத்ததை ஒரே தட்டலில் எடுத்துவிடுகிறோம். ஓடும் ரயிலுக்கு இதைவிடப் பெரிய வரம் எனக்குத் தெரியவில்லை.

கழிப்பதில் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். 700க்கும் 800க்கும் நடுவே மூன்று சாயங்களும் ஒரே அளவில் ஒளியை விடுவதில்லை. எவ்வளவு கழிப்பது என்பதைக் கேமராவுக்குக் கேமரா கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு செம்பருத்திக் கிளையையும் வெயிலில் வைத்து எடுத்துப் பழகினேன். தாள் வெள்ளையாகவும் இலை சிவப்பாகவும் வரும் அளவைக் குறித்துவைத்தேன். ரயிலுக்கும் அதே அளவுதான். கழித்த பிறகு நிழல்களில் பொரிப்பொரியாக இரைச்சல் தெரியும். சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுப்பதும், கொஞ்சம் தாராளமாக ஒளி கொடுப்பதும் அதைக் குறைக்கும். கணினி வேலையே வேண்டாம் என்பவர்களுக்காக, கேமராவிலேயே ஏரோக்ரோம் சாயலைத் தரும் ஃபில்டரும் விற்கிறது. கோலாரி நிறுவனத்தின் ஐ.ஆர். குரோம் அப்படிப்பட்டது. ரயில் நிலையத்தில் நிற்கும்போதே திரையில் சிவந்த மரங்களைப் பார்ப்பது பெரிய உற்சாகம். ஆனாலும் மஞ்சள் ஃபில்டரும் கழித்தலும் தரும் பிடி எனக்குப் பிடித்திருக்கிறது.

மிரர்லெஸ் கேமராவே நல்லது. அதில் குவியம் சென்சரிலேயே அளக்கப்படுகிறது. உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த கேமராவில் தனி உணர்வி அளப்பதால் அகச்சிவப்பில் குவியம் தவறலாம். சில லென்சுகளில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழும், துளையைச் சிறிதாக்கும்போது மிகும். வாங்குவதற்கு முன் எஃப் 11இல் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உத்தரவாதம் போய்விடும் என்பதால் புதுக் கேமராவைப் பிரிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்த கேமராவுக்குள் பூஞ்சை புகும். மாற்றிய பிறகு உலர்பெட்டியில் வைத்துப் பழகுங்கள்.

அசலோடு ஒப்பிட்டால் இதில் என்ன குறை? ஸ்லைடின் சிவப்புக்கு ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனம் இதில் முழுதாக வரவில்லை. இதை மனத்தாங்கலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லோமோகிராஃபி நிறுவனம் 2013 முதல் விற்கும் லோமோகுரோம் பர்ப்பிள், பச்சையை ஊதாவாக மாற்றும் பிலிம். எந்தக் கடையிலும் சாதாரண வண்ண நெகட்டிவ் போலவே கழுவலாம். ஆனால் அதற்கு அகச்சிவப்பு தெரியாது. பச்சைச் சாயமும் பச்சை இலையும் அதில் ஒன்றுதான், இரண்டும் ஊதாதான். ரயிலை இலையிலிருந்து பிரிப்பதுதானே நம் நோக்கம்? அது இதில் நிறைவேறாது. கல்யாண வீட்டிலும் கடற்கரையிலும் எடுத்து மகிழலாம்.

பகாவின் வெயிலும் பால்மரமும்

எந்த வழியானாலும் கடைசிச் சொல் வெயிலுடையது. நீல வானத்தின் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு. அதனால் நிழல் விழுந்த பக்கம் கரியாகிவிடும். நடுப்பகலில் நம் சூரியன் உச்சந்தலையில் நிற்கிறது. ஓலையின் மேல்பக்கம் தீயாய் எரியும், ரயிலின் பக்கவாட்டும் சக்கரங்களும் இருட்டில் மூழ்கும். காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை, மாலை நான்கு மணிக்குப் பிறகு மழை இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் நேரம். பகாவைப் பகலில் கடக்கும் வண்டிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரவு ரயில் அகச்சிவப்புக்கு உதவாது. சூரியன் எந்தப் பக்கம், ரயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, பொதுச் சாலைக் கடவையிலோ மேம்பாலத்திலோ முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். தண்டவாளத்துக்குள் இறங்குவது குற்றம். இறங்காமலே நல்ல இடங்கள் இருக்கின்றன.

இதனால்தான் பழைய சுருளை முதல் வழியாக நான் யாருக்கும் சொல்வதில்லை. வாரம் முழுவதும் காத்திருந்து ஒரே ஒரு ரயிலுக்கு ஒரே ஒரு முறை அழுத்துகிறோம். அந்த ஒரு வாய்ப்பை, அகச்சிவப்பு அடுக்கு உயிரோடு இருக்கிறதா என்பது தெரியாத பிலிமின் மேல் வைப்பது சரியல்ல. மாற்றிய கேமராவில் திரையைப் பார்த்து அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். புகைமூட்ட மாதங்களில் என்ன ஆகும் என்றும் அக்காள் மகன் கேட்டான். மெல்லிய மூட்டத்தை மஞ்சள் ஃபில்டரும் அகச்சிவப்பும் சேர்ந்து ஓரளவு துளைக்கும். வானமே சாம்பலாகும் அளவுக்குக் கூடிவிட்டால் வீட்டில் இருப்பதே மேல்.

எங்கள் பாதையைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிம்மாஸ்–பகாவ் பகுதி 1910இல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் இந்தக் கிழக்குக் கரைப் பாதையின் வடபகுதியில் நீண்ட தூரத்துக்குத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்–பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம்மவர்களையும் அதே ரயிலைப் போடக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. கம்பிச் சடக்கு என்று எங்கள் பெரியவர்கள் சொன்ன இந்த இரும்பு, புல்லுக்கும் ஓலைக்கும் அடியில் தெரியாமல் போவதை என்னால் வெறும் படக்குறையாகப் பார்க்க முடிந்ததில்லை. சிவந்த காட்டுக்கு நடுவே தண்டவாளம் தனியாக, இரும்பின் நிறத்தோடு தெரியும் படத்தைத் தேடி இவ்வளவு அலைந்ததற்கு அதுவும் காரணம்.

மரமும் மரமும் ஒன்றல்ல. செம்பனை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சிவப்பைத் தருகிறது. அடித்தண்டை அரிக்கும் கானோடெர்மா பூஞ்சை பிடித்த மரம் மட்டும் கூட்டத்தில் வெளிறித் தெரியக்கூடும். நோயுற்ற மரத்தை வானிலிருந்து தேட அகச்சிவப்பைப் பயன்படுத்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான். ரப்பர் தரும் பால்மரமோ ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்க்கும். உதிரப்போகும் இலை சிவந்து பச்சையத்தை இழந்திருக்கும். சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பும். படத்தில் அது மஞ்சள். சில வாரங்களில் துளிர் விடும்; துளிர் இளஞ்சிவப்பு. மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஒரே தோட்டத்தில் கலந்து நிற்கும் அந்தச் சில நாள்களை நான் இதுவரை ரயிலோடு சேர்த்துப் பிடித்ததில்லை.

அக்காள் மகனுக்குக் கடைசியாக எழுதிக் கொடுத்த பட்டியல் சிறியது: பழைய மிரர்லெஸ் உடல் ஒன்று, தெளிந்த கண்ணாடி மாற்றம், அடர்மஞ்சள் ஃபில்டர், உலர்பெட்டி. மீதிப் பணத்தில் ரோலி சுருள் இரண்டும் மூன்று ஃபில்டர்களும். கிளைத் தண்டவாளத்தில் வண்டி நிற்கும் நாளுக்காக முக்காலியை என் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏரோக்ரோம் வாங்க வேண்டாம் என்று அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

உறைபெட்டியில் இருக்கும் மூன்றாவது சுருளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான். பாதையோரமாகச் செம்பனைக்கு நடுவே பால்மரம் நிற்கும் ஒரே ஒரு துண்டு நிலம் எனக்குத் தெரியும். அங்கேயும் கன்று மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வரும் பிப்ரவரியில் இலை மாறத் தொடங்கியதும் சுருளை முந்தைய நாளே வெளியே எடுத்து, அறைச்சூட்டுக்கு வரவிட்டு, இருட்டில் ஏற்றிக்கொண்டு காலை ரயிலுக்குப் போகிறோம். அவன் மாற்றிய கேமராவோடு என் பக்கத்தில் நிற்பான். இரண்டிலும் ஒரே நொடியில் அழுத்துவதாக ஏற்பாடு.